கூரையைத் தூக்கிய கோடை

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டருகே ஓர் இளைஞர் வந்து நின்றார். கழுத்தில் கம்பெனி அட்டை. இரண்டு பக்கமும் பதினான்கு மாடிக் கட்டடங்கள் நிற்க, நடுவில் குந்தியிருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை அவர் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. “ஆன்ட்டி, இத எப்ப டெமாலிஷ் பண்றதா ஐடியா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் நின்று இதே கேள்வியை எங்கள் பெரியப்பா கேட்டார். அவருக்கு அம்மா சொன்ன பதிலையே இவருக்கும் சொல்லி அனுப்பினேன்.

உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். பொம்மனஹள்ளி வந்தால் பெங்களூர் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. ஹொசூர் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, அடுத்த லாரி எந்த நிறத்தில் வரும் என்று பந்தயம் கட்டி விளையாடலாம். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் ஒரு கொய்யாப்பழம் தின்று முடிக்கலாம். அந்த ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே நடந்தால் திராட்சைத் தோட்டங்கள். அங்கேதான் இந்த வீடு.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. ஆஸ்டின் டவுனில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். அந்த வருஷம் பொங்கல் கழிந்த கையோடு மூன்று காரியங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அப்பாவின் ஃபேக்டரியில் ஸ்ட்ரைக் தொடங்கியது. மகள் கல்யாணத்துக்கு வீடு வேண்டும், பங்குனிக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆறேழு வருஷமாக எங்கள் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்த அம்மாவின் தாய்மாமா இறந்துபோனார். திராட்சைத் தோட்டம் வைத்து நொடித்துப்போனவர், பிள்ளைகள் கிடையாது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவின் பேருக்குத் தன் பண்ணை வீட்டை எழுதி வைத்திருந்தார். அத்தனை வருஷமும் அது பூட்டியே கிடந்தது.

முதல் தடவை பார்க்கப் போனபோது பெரியப்பாவும் கூட வந்தார். அப்பாவின் அண்ணன். மேஸ்திரியாக இருந்து பில்டிங் காண்ட்ராக்டர் ஆனவர். குடும்பத்தில் யார் வீட்டில் ஒரு ஜன்னல் வைப்பதாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் வைக்க மாட்டார்கள்.

கதவு ஊறி இறுகியிருந்தது. அப்பா தோளால் இடித்துத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை எங்கள் முகத்தில் அடித்தது. வௌவால் எச்சம், எலி, மக்கிய சாக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் புளித்த திராட்சை. நடுக்கூடத்தில் உடைந்த ஓடுகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. ஒரு சுவரிலிருந்து அத்திச்செடி முளைத்து, வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கம் வளைந்து போயிருந்தது. தலைக்கு மேலே, கூரை முழுவதையும் தாங்கும் நடு உத்திரம் தொட்டில் சேலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முனையில் கறையான் கட்டிய மண்கோடுகள். பெரியப்பா தன் குடையை உயர்த்தி அந்த இடத்தில் ஒரு குத்து விட்டார். குடை பாதிவரை உள்ளே போய்விட்டது. நானும் தம்பியும் கை தட்டினோம். வேறு யாரும் தட்டவில்லை.

“டேய், இது வீடு இல்லடா. நின்னுக்கினு இருக்கிற பொணம்” என்றார் பெரியப்பா. “இடிச்சிடு. நாலு தூண் எழுப்பி ஆர்சிசி போட்டுக் குடுக்கறேன். எப்ப இடிக்கலாம், சொல்லு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூடத்தில் இல்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு, சேலையில் நாயுருவி ஒட்ட, பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

“இடிக்கறதுக்கு இன்னா மாமா அவசரம்? அது என்னிக்கி வேணா நடக்கும்” என்றாள். “ஆம்பளைங்க எல்லாரும் மேல பாத்தீங்க. நான் கீழ பாத்துட்டு வந்தேன். அஸ்திவாரத்துல ஒரு கல்லுகூட அசையல.”

பெரியப்பா குடையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

---

பங்குனியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சாமான்களோடு அங்கே போய் இறங்கினோம். வீட்டுக்குள் இருக்க முடியாது என்பதால் பக்கத்திலிருந்த மாட்டுக்கொட்டகைதான் எங்களுக்கு வீடு. அப்பா அதன் மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டினார். மழைக்காலம் வருவதற்குள் வீட்டுக்கூரை தயாராக வேண்டும். பெருமழையைத் தார்ப்பாய் தாங்காது. இதுதான் கணக்கு. இந்தக் கணக்கு அம்மாவை எவ்வளவு அரித்திருக்கும் என்று இன்று தெரிகிறது. அன்று எங்களுக்கு அது திருவிழா. தொட்டியில் தண்ணீர் குடித்த மாடுகள் நக்கி நக்கி வழவழப்பாக்கிய கல்லில்தான் நானும் தம்பியும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பம்பு ஸ்டவ் சீறும் சத்தமும் பழைய வைக்கோல் வாசனையும் சேர்ந்தால் எனக்கு இப்போதும் பசிக்கும்.

முதல் வேலை ஓடுகளை இறக்குவது. அப்பா கூரையிலிருந்து ஒரு நீளப் பலகையைச் சரிவாக வைத்து, ஒவ்வொரு ஓடாக வழுக்கி விடுவார். கீழே அம்மா பிடித்துக்கொள்வாள். தேங்காய் நாரால் பாசி தேய்த்து, கழுவி, வெயிலில் வைத்து, பிறகு நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஓட்டைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுவது. நல்ல ஓடு ‘டங்’ என்று மணிபோலச் சொல்லும். விரிசல் விட்டது ‘டப்’ என்று இருமும். எனக்குக் காது கூர்மை. இரண்டு நாளில் அம்மா என்னிடமே அந்த வேலையை விட்டுவிட்டாள். ஏதோ நீதிபதி ஆகிவிட்ட மாதிரி நான் தட்டித் தட்டித் தீர்ப்பு சொல்வேன்.

ஓர் ஓட்டில் நாயின் காலடி பதிந்திருந்தது. ஈரமாக இருந்தபோது எந்த ஊர்ச் சூளையிலோ ஒரு நாய் மிதித்துப் போயிருக்கிறது. அதை எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் ஓடு பற்றாமல் போனபோது அதுவும் மேலே ஏறிவிட்டது. எந்த வரிசையில் இருக்கிறதோ தெரியாது.

---

இனி அப்பா தோற்ற கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா ஃபிட்டர் என்று சொன்னேனே. மயிரிழை கோணினாலும் இரும்பைத் தூக்கி எறிகிற கை. அந்த வீட்டிலோ ஒரு சுவரும் நேர் கிடையாது. இரண்டடி கனத்தில் மண்ணால் எழுப்பியவை. ஒன்று உள்வாங்கும், ஒன்று வெளித்தள்ளும். அப்பாவுக்கு அது உடம்பில் அரிப்பு மாதிரி. கூடத்தின் மேற்குச் சுவரைத் தூக்குக்குண்டு போட்டு நேராக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டு பூசினார். ஐந்து நாள் வேலை. முடித்ததும் கண்ணாடிபோல இருந்தது. காலையில் காப்பி டம்ளரோடு அங்கே போய், அந்தச் சுவரைத் தடவிக்கொண்டேதான் குடிப்பார்.

பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மா இருந்தாள். அவளுக்குக் கன்னடம் தவிர எதுவும் வராது. நாங்கள் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்கள். கன்னடம் எங்களுக்கு வேண்டும், வேண்டாம் என்கிற ‘பேக்கு’, ‘பேடா’வோடு சரி. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் எங்கள் சுவர் முன்னால் நின்று ஏதோ சொல்வாள். “நம்ம வூட்டு மேல கண்ணு வைக்கிறா” என்று அம்மா முணுமுணுப்பாள். பிறகு ஒருநாள் பெரிய மழை. மாம்பழம் பழுக்கும் முன் வருமே, அந்தச் சித்திரை மழை. ஓடு இறக்கிய வீடு. சுவர்கள் தலை திறந்து நனைந்தன. மறுநாள் அந்த அம்மா வந்தாள். சுவரைக் காட்டினாள். தன் வயிற்றைக் காட்டினாள். கையால் முன்னால் பெரிதாக ஒரு வளைவு போட்டாள். “ஹொட்டெ பந்திதெ, ஹொட்டெ பந்திதெ” என்றாள்.

“இன்னாடி சொல்றா?” என்று அம்மா என்னைக் கேட்டாள். வீட்டிலேயே பள்ளிக்கூடத்தில் கன்னடப் பாடம் படிக்கிற ஒரே ஆள் நான்தான். ஹொட்டெ என்றால் வயிறு. அது எனக்குத் தெரியும்.

“வயிறு வந்திருக்கான்னு கேக்கறாங்கம்மா. உன்னத்தான்.”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “கொட்டாயில குடித்தனம் பண்றவளப் பாத்து கேக்கற கேள்வியா இது? போகச் சொல்லு!”

நான் கையை ஆட்டி போகச் சொன்னேன். அவள் போகாமல் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமும் மழை. அதற்கடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு யானை அலுத்துப்போய் உட்கார்ந்த மாதிரி ‘தொம்’ என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கூடத்தில் மேற்குச் சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் வானம் இருந்தது. அரை மணி முன்புவரை தம்பி அந்தச் சுவரோரத்தில்தான் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். குளிக்கக் கூப்பிட்டதால் கிணற்றடிக்கு வந்திருந்தான். அம்மா சோப்பு நுரையோடு அவனைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அப்பா ஓட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவும் ஓடி வந்தாள். குழந்தைகள் இருவரும் முழுசாக நிற்பதைப் பார்த்தபின்தான் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு விழுந்து கிடந்த மண்ணில் கை வைத்து, நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: “கோடெகெ. ஹொட்டெ. பந்திதெ.”

கோடெ என்றால் சுவர். சுவருக்கு வயிறு வந்திருக்கிறது. சுவர் புடைத்துவிட்டது, விழப்போகிறது, ஜாக்கிரதை. இதைத்தான் அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மண்சுவர் குடித்த தண்ணீரைச் சிமெண்டு வெளியே விடவில்லை.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் சரியான அர்த்தத்தைச் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். அழுதுகொண்டே அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: “சிமெண்ட் பேடா சாமி. மண்ணு கோடெகெ மண்ணே ஆகபேக்கு.” மண்சுவருக்கு மண்தான் ஆகும். இதற்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு, அடுத்த சுவரில் தான் பூச ஆரம்பித்திருந்த சிமெண்டையெல்லாம் தானே கொத்தி எடுத்தார். நாலு நாள். யாரையும் கிட்டே விடவில்லை. அவர் கொத்தக் கொத்த, பக்கத்துத் தோட்டத்து அம்மாவும் எங்கள் அம்மாவும் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வைக்கோல் துண்டு போட்டு மண் மிதித்தார்கள். ஒருத்தி கன்னடத்திலும் ஒருத்தி தமிழிலும் பேசிக்கொண்டே மிதிப்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. மண் பதமாக வந்தது. சுவர் மறுபடி எழுந்தது, கொஞ்சம் கோணலாகவே.

சுவர் விழுந்த சேதி பெரியப்பாவுக்குப் போய்விட்டது. மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, கத்திக்கொண்டே இறங்கினார்.

“புள்ளைங்கள சாவடிச்சிட்டுதான் ஓய்வீங்களா? டேய், நீ ஃபிட்டர். இரும்ப ராவற வேலைய மட்டும் பாரு. அந்த உத்திரத்துல நீ கை வெச்சியோ, நான் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்!”

அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவர் தொடவில்லை, போய்விட்டார். “காண்ட்ராக்ட்டு கைக்கு வரலன்னு வயித்தெரிச்சல்” என்றார் அப்பா. நாங்களும் அப்படியே நம்பினோம். அன்று முதல் நானும் தம்பியும் விளையாட்டில் வில்லனுக்குப் பெரியப்பா என்று பேர் வைத்தோம்.

---

ஸ்ட்ரைக் நாலு மாதத்தைத் தாண்டியது. ஆட்கள் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் முறை வைத்துப் போய்வருவார். ஒருநாள் அவரோடு வெல்டர் மாமா வந்தார். சிவாஜி நகர்க்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். அவர் சிரித்தால் பக்கத்தில் இருக்கிற பாத்திரம் அதிரும். தொங்கும் உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்தைச் சொறிந்தார்.

“அரே பாய், பந்தல்ல குந்திக்கினு கோஷம் போட்டு தொண்டைதான் போச்சு. கை சும்மா கெடக்கு. அத்தினி பேருக்கும் கை சும்மா கெடக்கு. இத தூக்கிடலாம்.”

“தூக்கறதா?”

“ஆமா. கூரைய அப்டியே தூக்கி நிறுத்து. பழசு உருவு. புதுசு சொருவு. எறக்கு. லாரி ஷெட்டுல ஜாக்கி நான் கேக்கறேன். டென்ஷன் நக்கோ, கவலப்படாத.”

புது உத்திரம் என்பதும் பழசுதான். கண்டோன்மென்ட்டில் எங்கோ இடித்த பங்களாவின் தேக்கு. மாட்டுவண்டியில் வந்தது, வண்டியை விட மரம் நீளம். எங்கள் தோட்டத்துத் திருப்பத்தில் வண்டி திரும்பாமல், வேலியைப் பிரித்து மரத்தை உள்ளே விட்டுவிட்டு வேலியை மறுபடி கட்டினோம்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு பேர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் தூக்குப் பாத்திரங்களோடு வரிசையாகத் தோட்டத்து மண்பாதையில் நடந்து வந்தார்கள். சமையலைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா எடுத்துக்கொண்டாள். கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும். எங்கள் அம்மாவுக்கு அன்று வேறு வேலை.

ஓடு இல்லாமல் எலும்பாக நின்ற கூரைச் சட்டத்துக்கு அடியில், கல்லும் கட்டையும் அடுக்கி ஆறு ஜாக்கிகளை நிறுத்தினார்கள். ஆறும் ஒரே அளவு உயர வேண்டும். ஒன்று முந்தினால் சட்டம் முறுக்கிக்கொண்டு சரியும். உயரம் பார்க்க, சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நீள ரப்பர் டியூபில் நீல மை கலந்த தண்ணீர் நிரப்பி, அதன் இரண்டு முனையிலும் கண்ணாடிக் குழாய் பொருத்தியிருந்தார் அப்பா. தண்ணீர் பொய் சொல்லாது. அதைப் பார்த்து உத்தரவு கொடுக்க ஒருவர் வேண்டும்.

“நீ பாரு” என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அவர்களிடம் சத்தமாகவே சொன்னார்: “என் கண்ணு நேருன்னு சொன்ன சுவர் விழுந்துச்சு. அவ கண்ணு அசையலன்னு சொன்ன கல்லு இன்னும் அசையல. அவ சொல்றதுதான் இன்னிக்கி.”

அந்த ஒரு வாக்கியத்தை அத்தனை பேர் முன்னால் சொல்ல ஓர் ஆணுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

எங்களை மாமரத்தடியில் உட்கார வைத்து, சுற்றிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வாசல் வழியாகக் கூடம் நன்றாகத் தெரிந்தது. ஆட்கள் ஜாக்கிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

பெரியப்பா. “வந்துட்டான்டா வில்லன்” என்று தம்பி என் காதில் சொன்னான்.

அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து, ஓட்டு அடுக்கின் மேல் வைத்தார். உள்ளே போனார். நடு உத்திரத்தின் கிழக்கு முனைக்கு நேர் கீழே இருந்த ஜாக்கியை, அந்த மாதம்தான் கல்யாணமான ஒரு சின்ன வயசு ஆள் பிடித்திருந்தான். பெரியப்பா அவன் தோளைத் தட்டி, “நீ வெளிய போ தம்பி” என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தான் பிடித்துக்கொண்டார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

“மாமா, நான் சொல்லாம சுத்தக் கூடாது.”

“நீ சொல்லும்மா” என்றார் பெரியப்பா.

அம்மா கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்தாள். “எல்லாரும் கால் சுத்து!”

ஆறு கம்பிகள் ஒன்றாகத் திரும்பின. கூரை முனகியது. கைமரங்களுக்கு நடுவிலிருந்து மாவு சலிப்பதுபோலத் தூசி இறங்கியது. ஆணிகள் கீச்சிட்டன. “நில்லு.” தண்ணீரைப் பார்த்தாள். “இன்னொரு கால் சுத்து!” எங்கேயோ ஒளிந்திருந்த ஒரு வௌவால் பகலென்றும் பாராமல் பறந்து போனது. “கால் சுத்து!” உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் முதலில் ஒரு வெளிச்சக்கோடு தெரிந்தது. அது ஒரு விரல் அகலமானது. கூரை எழும்பிவிட்டது! நானும் தம்பியும் கோட்டுக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டோம்.

அப்போது ‘படார்’ என்று ஒரு சத்தம்.

பழைய உத்திரம் நடுவில் இரண்டாக முறிந்து, முறிந்த முனை ஒரு கட்டையை இடித்துத் தள்ளியது. கூரையின் ஒரு மூலை சரேலென்று இறங்கியது. யாரோ “ஓடுங்கடா” என்று கத்தினார்கள்.

“யாரும் கைய எடுக்காதீங்க!” என்றாள் அம்மா. அவள் அப்படியொரு குரலில் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதட்டல் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பேசுவாளே, அந்த மாதிரி ஒரு நிதானம். கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவேயில்லை. “கெழக்கு மூல ரெண்டு வெரல் எறங்கியிருக்கு. அவ்ளோதான். கெழக்கால நிக்கறவங்க அப்டியே பிடிச்சிக்கோங்க. மாமா, உங்க ஜாக்கி மட்டும். அரை சுத்து. மெதுவா.”

முறிந்த மரம் பெரியப்பாவின் தலைக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு கம்பியை அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கூரை முனகியது, யோசித்தது, ஏறியது.

“இன்னும் கொஞ்சம்… சாக்கு மாமா, சாக்கு” என்றாள் அம்மா. போதும் என்பதற்குப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் கற்ற வார்த்தை அது. அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்திருக்கிறது.

தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. வெல்டர் மாமா கட்டையைச் சரி செய்தார். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. முறிந்த உத்திரத்தைத் துண்டு துண்டாக இறக்கினார்கள். புதியதைப் பதினான்கு தோள்களில் ஏற்றி, சுவர்மேல் உருட்டி, நகர்த்தி, நேர் வைத்தார்கள். பிறகு ஜாக்கிகளை இறக்க வேண்டும். மறுபடி கால் சுற்றுக் கால் சுற்றாக. கடைசிச் சுற்றில் சட்டம் புது உத்திரத்தின்மேல் ‘டொக்’ என்று உட்கார்ந்தது.

“குந்திச்சா?” என்று கேட்டார் அப்பா.

அம்மா இந்த முனைக்கு வந்து பார்த்தாள். அந்த முனைக்கு நடந்து போய்ப் பார்த்தாள். “குந்திச்சு” என்றாள்.

அப்போது எழுந்த சத்தம் ஹொசூர் ரோடுவரை கேட்டிருக்கும். நாலு மாதமாகக் கோஷம் போட்டுத் தேய்ந்த தொண்டைகள் அவை. வெல்டர் மாமா அம்மாவைப் பார்த்துக் கை கூப்பி, “பாபி, ஃபேக்டரிக்கு ஃபோர்மேனா வந்துடுங்க, ஸ்ட்ரைக்கே வேணாம்” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா கிணற்றடியில் தலையோடு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எங்களுக்கு நடுவில் மாமரத்தடியில் உட்கார்ந்தார்.

“காப்பி கெடைக்குமாம்மா?” என்றார்.

பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் பெரியம்மா எனக்கு இதைச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன், அவர் மேஸ்திரியாக இருந்தபோது, ஒரு வேலையிடத்தில் முட்டுக்கொடுத்த கூரை இறங்கி, அடியில் ஓர் ஆள் போய்விட்டான். இவர்தான் கையால் கல்லை வாரி அவனை எடுத்தார். அதன்பிறகு முட்டுக்கொடுத்து நிறுத்திய எந்தக் கூரைக்கு அடியிலும் அவர் காலை வைத்ததில்லையாம். வெளியில் நின்றே ஆட்களுக்குச் சொல்வாராம். “உங்கப்பன் அடியில நிக்கறப்ப, தான் வெளிய நிக்க முடியலன்னாரு. வந்து ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டாரு” என்றாள் பெரியம்மா. வயிற்றெரிச்சல் என்று நாங்கள் நினைத்தது அவ்வளவும் பயம். எங்களுக்காகப் பட்ட பயம்.

---

ஓடு ஏற்ற எட்டு நாள் ஆனது. ஆனி மாதத்தில் ஒருநாள், அப்பா உச்சி வரிசையின் கடைசி ஓட்டைப் பதித்துவிட்டு இறங்கிய மத்தியானம், பேகூர்ப் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. இந்தத் தடவை அது மாம்பழ மழை இல்லை, நிஜமான மழை. நாங்கள் கொட்டகையிலிருந்து பாயும் படுக்கையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினோம். அம்மா வீட்டிலிருந்த அத்தனை பாத்திரங்களையும் கூடத்தில் பரப்பினாள். எங்கே ஒழுகினாலும் வைக்கலாம் என்று தம்பி கையில் ஒரு டம்ளரோடு தயாராக நின்றான்.

மழை ஓட்டின்மேல் இறங்கிய முதல் சத்தம், மூட்டை மூட்டையாகக் கடலையைக் கொட்டியது போல. அண்ணாந்தே நின்றோம். கழுத்து வலித்தது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தோம். இல்லை. சின்ன அறை. இல்லை. ஒவ்வோர் அறையாக அப்பா போய்வந்து, “இல்ல” “இல்ல” என்று சொன்னார். கடைசியில் அவருக்கே நம்பிக்கையில்லாமல் கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்தார். சுவர் உலர்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் நிழல்கள் தெரிந்தன. வெல்டர் மாமா. அவர் பின்னால் மற்றவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மைல் தூரத்தையும் மழையிலேயே நடந்து வந்திருந்தார்கள். யார் கையிலும் தூக்குப் பாத்திரம் இல்லை. ஒருவர்பின் ஒருவராகக் கூடத்துக்குள் வந்து, பாத்திரங்களுக்கு நடுவில் நின்றார்கள்.

“முடிஞ்சிடுச்சு பாய்” என்றார் வெல்டர் மாமா. “வாபஸ். நாளைக்கு எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. கேட்டது ஒண்ணும் குடுக்கல.”

ஐந்து மாதம். பதினான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய ஆண்கள் அத்தனை பேர் ஒன்றாகத் தலை குனிந்து நின்று நான் பார்த்தது அன்றுதான். மழை மேலே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. தம்பி பயந்துபோய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

புதுக் கல்யாணக்காரன்தான் முதலில் நிமிர்ந்தான். அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தானும் பார்த்தார். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. தாங்கள் தோள் கொடுத்துத் தூக்கிய கூரையை, அவ்வளவு பெரிய மழைக்கு அடியில் நின்று, பதினான்கு பேரும் பார்த்தார்கள். வெல்டர் மாமா குனிந்து பாத்திரங்களுக்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். எல்லாம் காலி. கூடத்தில் ஈரமாக இருந்தது அவர்கள் நின்ற இடம் மட்டும்தான். அவர்கள் வேட்டியிலிருந்தும் சட்டையிலிருந்தும் சொட்டிச் சொட்டி, ஆளுக்கொரு குளம் கட்டியிருந்தது.

அம்மாவும் அதைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்குதே நியாயம்! கூரைய ஒழுகாம போட்டுக் குடுத்துட்டு, இப்ப நீங்களே வந்து ஒழுகுறீங்களே!”

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு வெல்டர் மாமாதான் ஆரம்பித்தார். கூடத்திலிருந்த பாத்திரங்களெல்லாம் அதிர்ந்தன. அடுத்தவர், அதற்கடுத்தவர், அப்பா, தம்பி, கடைசியில் அம்மாவும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு மழைச் சத்தமே கேட்கவில்லை.